டிரம்முக்குப் பின்னால் நின்ற கம்பு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. சீடனைவிட வயது கூடியவராக இருக்க வேண்டும் என்றும் எழுதி வைக்கவில்லை. ஜொஹரா டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. அவருடைய மாணவர் வெள்ளத்துரைக்கு நாற்பத்து மூன்று.

கடையநல்லூரில் டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் ஓர் ஓலைக் கொட்டகை உண்டு. ஞாயிறுதோறும் அங்கே வகுப்பு நடக்கும். வங்கி, ரயில்வே, சர்வீஸ் கமிஷன், எந்தப் பரீட்சைக்குப் படிப்பவரும் வரலாம். கட்டணம் கிடையாது. டீச்சர் நடத்துவது ஒரே பாடம், ரீசனிங் என்கிற தர்க்க அறிவு. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நானும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தவள். டீச்சரைப் பற்றி நான் பேசினால் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. நான் பார்த்த வாத்தியார்களில் அப்படி இன்னொருவர் இல்லை.

வெள்ளத்துரை ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்து நான்கு வருஷம் பனியிலும் மணலிலும் கிடந்துவிட்டு வந்திருந்தார். லீவில் வந்து போனது தவிர, சொந்த வீட்டில் அவர் இருந்ததே இல்லை. முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் வங்கி எழுத்தர் வேலை கிடைத்தால், பக்கத்தில் ஏதாவது ஒரு கிளையை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே போய் வரலாம். அவருடைய ஆசை அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதித் தவறியவர். இந்தத் தடவையும் தவறினால் வெளியூரில் காவல் வேலைக்குப் போய்விடுவது என்று வைத்திருந்தார்.

எல்லாக் கேள்வியும் அவருக்கு வரும். திசைக் கேள்வி, வரிசைக் கேள்வி, ரத்த உறவுக் கேள்வி எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிடுவார். கேள்வியை வாய்விட்டு வாசித்தால்தான் அவருக்கு விடை வரும். அவர் வாசிப்பது அடுத்த தெருவுக்குக் கேட்கும். கொட்டகை முகட்டில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து போய்விடும்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவருக்கு இடறும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதைச் சொன்னவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டது எது என்று கேட்பார்களே, அந்தக் கேள்வி. பாடத்தில் அதற்கு அனுமானம் என்று பெயர். அதற்காகவே வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"'மட்டும்'னு வந்தா தப்பு. 'எப்பவும்'னு வந்தா தப்பு. 'சில'ன்னு வந்தா சரி," என்று ஒப்பிப்பார்.

டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொள்வார். சரியென்றும் சொல்லமாட்டார், தப்பென்றும் சொல்லமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பலகையில் இப்படி எழுதினார்.

'இந்தக் குளத்தில் யாரும் இறங்க வேண்டாம் என்று ஊராட்சி ஓர் அறிவிப்புப் பலகை வைத்தது. சொல்லாமல் எடுத்துக்கொண்டது எது? ஒன்று, குளம் ஆழமானது. இரண்டு, பலகையை வாசித்து நடப்பவர்கள் இருக்கிறார்கள்.'

வெள்ளத்துரை கேள்வியை வாசித்து முடித்த கையோடு எழுந்து நின்றார். விடை சொல்லும்போது எழுந்து நிற்பது அவர் பழக்கம்.

"ஒண்ணு, டீச்சர்."

"ரெண்டு வராதா அண்ணாச்சி?"

"பலகையை எவன் டீச்சர் வாசிக்கான்?"

நாங்கள் சிரித்தோம்.

"சரி. ஒண்ணு எப்படி வந்துது?"

"ஆழம்தான டீச்சர். நானே முங்கிப் பாத்திருக்கேன். கால் தரை தட்டாது."

"எந்தக் குளத்துல?"

"நம்ம ஊரு குளத்துலதான். வேற எதுல?"

"கேள்வியில நம்ம ஊரு பேரு இருக்கா?"

வெள்ளத்துரை மறுபடியும் வாசித்தார். புறா மறுபடியும் எழுந்து போயிற்று.

"இல்ல."

"தண்ணி முட்டளவுதான்னு வச்சுக்கிடுங்க. ஆனா சாயக்கழிவு கலந்து கெடக்கு. பலகை வைப்பாங்களா மாட்டாங்களா?"

"வைப்பாங்க."

"இப்ப வேற மாதிரி வச்சுக்கிடுவோம். அந்த ஊர்ல பலகையை வாசிச்சு நடக்க ஒரு ஆள்கூட இல்ல. வைப்பாங்களா?"

அவர் நன்றாக யோசித்தார்.

"அப்பவும் வைப்பாங்க டீச்சர். பில்லு போடணும்லா?"

அன்றைக்கு எங்களைவிட அதிகம் சிரித்தது டீச்சர்தான்.

வெள்ளத்துரை சிரிக்கவில்லை. அவருக்கு மனசு விட்டுப்போயிருந்தது. அவருடைய கஷ்டம் என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். உலகத்தை நிறையப் பார்த்த மனிதர். கேள்வியைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த உண்மைக்கெல்லாம் டிக் அடித்துவிட்டு, மார்க்கை மட்டும் விட்டுவிட்டு வருவார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன்," என்றார். "உண்மையா இருக்கிறத டிக் அடிச்சா தப்புங்கீங்க. அப்ப பொய்யவா டிக் அடிக்கச் சொல்லுதீங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கீழே தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டில் கல்யாணம். பந்தல்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு கம்பு குறையுது. உங்க கொட்டகையில வேண்டாத கம்பு ஒண்ணு இருந்தாத் தாங்க. நாளைக்குத் திருப்பித் தந்துருதேன்."

டீச்சர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெள்ளத்துரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க கூடாரம் அடிச்ச ஆளு. வேண்டாத கம்பு எதுன்னு பாத்து ஒண்ண எடுத்துக் குடுங்க."

கொட்டகையின் ஒரு பக்கம் மாடிப்படிச் சுவரில் ஏறி நின்றது. மறுபக்கம் ஒரு நீள மூங்கில் உத்தரம், மூலைக்கு ஒரு கம்பு அதைத் தாங்கியது. கொட்டகையின் நட்டநடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த தடித்த கம்பு ஒன்று நின்றது. எங்கள் மின்விசிறியும் உலகப் படமும் அதில்தான் தொங்கின. உத்தரத்துக்குக் கீழே பாதித் தூரத்தில் தண்ணீர் டிரம். அதற்குப் பின்னால் ஒல்லியாக ஒரு சவுக்குக் கம்பு, பெயிண்ட்கூட இல்லாமல். மாடித் தரையில் குழி போட முடியாது என்பதால் எல்லாக் கம்பையும் சிமெண்ட் அடைத்த வாளிகளில் நட்டிருந்தார்கள்.

வெள்ளத்துரை இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு தனக்குத் தெரிந்த வேலை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"மூலைக் கம்புல கை வைக்கப்படாது. நடுவுல இந்தத் தடியன்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குதான். அவனையும் தொடப்படாது," என்றார். "டிரம்முக்குப் பின்னால நிக்கான் பாருங்க ஒரு நோஞ்சான், அவன் சும்மா நிக்கான்."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன் டீச்சர்."

"எல்லாரும் படிப் பக்கமா தள்ளி வந்துருங்க," என்றார் டீச்சர் எங்களிடம். நாங்கள் தள்ளிப் போனோம்.

வெள்ளத்துரை டிரம்மை நகர்த்தினார். சவுக்குக் கம்பின் கட்டை அவிழ்த்தார். வாளியோடு சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தார்.

உத்தரம் முனகியது. பிறகு நடுவில் மடிந்துகொண்டு இறங்கத் தொடங்கியது. அது ஒரே மூங்கில் இல்லை. இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டின இடத்துக்கு நேர் கீழேதான் அந்த நோஞ்சான் நின்றிருந்தான்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்துவிட்டார். கூரை அவர் தோளில் வந்து நின்றது. ஓலைத் தூசி அவர் தலையிலும் மீசையிலும் கொட்டியது.

நாங்கள் ஓடப் போனோம். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பாரம் எப்படி?"

"தாங்கலாம் டீச்சர். ஓலைதான."

"அப்ப அப்படியே நின்னு மேல பாருங்க. நடுக்கம்பு மேல."

வெள்ளத்துரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பச்சைக் கம்பின் தலைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு விரல் போகிற அளவு வெளிச்சம் தெரிந்தது. அது எதையும் தொடவே இல்லை. விசிறி மாட்டுவதற்காக நட்டது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அதன் கீழே உட்கார்ந்திருக்கிறோம், ஒருவர்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. தடியாக இருக்கிறது, நடுவில் இருக்கிறது, தாங்காமலா இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

"கம்பக் குடுங்க டீச்சர், நட்டுருவோம்."

"குடுக்கேன். அதுக்கு முந்தி, குளத்துப் பலகைக் கேள்விக்கு விடை சொல்லுங்க."

"இப்பமா?"

"இப்பத்தான்."

வெள்ளத்துரை தோளை ஒரு தடவை மாற்றிக்கொண்டார். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது. பலகையில் எழுதியிருந்ததை அவர் வாய்க்குள்ளேயே வாசித்தார். அவர் சத்தமில்லாமல் வாசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு," என்றார். "வாசிக்க ஆளு உண்டுன்னு நினைச்சாத்தான் பலகைக்கு அர்த்தம். அத உருவுனா விழுந்துரும்."

"ஒண்ணு?"

அவர் பச்சைக் கம்பைப் பார்த்தார்.

"அது நல்ல கம்புதான் டீச்சர். ஆனா எதையும் தாங்கல."

டீச்சர் குனிந்து சவுக்குக் கம்பை எடுத்து அவரிடம் கொடுத்தார். பச்சைக் கம்பு கல்யாணத்துக்குப் போயிற்று. விசிறியை அன்றைக்குத் தரையில் வைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வெள்ளத்துரை குறுக்குவழிகளை ஒப்பிப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு தெரிவையும் விரலால் தொட்டு, "உருவுனா விழுமா?" என்று தன்னிடமே கேட்டுக்கொள்வார். சத்தமாகத்தான், வேறென்ன.

'மழை வரும்போல இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ என்று அம்மா மகனிடம் சொன்னாள்' என்று ஒரு கேள்வி வந்தது. அம்மாவுக்கு மகன்மேல் பாசம் உண்டு என்பது ஒரு தெரிவு. எங்களில் பாதிப் பேர் அதற்கு டிக் அடித்திருந்தோம்.

"பாசத்தை உருவிப் பாருங்க," என்றார் வெள்ளத்துரை எங்களிடம். "அப்பவும் சொல்லுவா. நனைஞ்ச சட்டையத் துவைக்கிறது அவதான?"

இன்னொரு நாள் டீச்சரையே நிறுத்தினார். டீச்சர் வாட்ஸாப்பில் வகுப்பு நேரத்தை அறிவித்தார் என்பது கூற்று. மாணவர் எல்லோரிடமும் போன் இருக்கிறது என்பது சொல்லாமல் எடுத்துக்கொண்டது என்று டீச்சர் எழுதியிருந்தார்.

"உருவுனேன் டீச்சர், விழல," என்றார் வெள்ளத்துரை. "ஒருத்தன்கிட்ட போன் இருந்தாப் போதும். அவன் மத்தவனுக்குச் சொல்லிருவான். எங்க தெருவுல அப்படித்தான்."

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினார்.

"நான் அண்ணாந்து பாக்கவே இல்ல அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய விடையைத் தன் கையாலேயே அழித்தார். அந்த முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. சீடன் ஜெயித்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு வந்தது. வெள்ளத்துரை கையில் புத்தகம் இல்லாமல் படியேறி வந்தார். தன் இடத்தில் உட்காராமல் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"சொல்லிக்கிட்டுப் போக வந்தேன் டீச்சர். நாளைக்கு ஓசூர் போறேன். ஒரு கம்பெனியில செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள முடிவு சொல்லணும்."

"அடுத்த ஞாயிறு பரீட்சை."

"எழுதல டீச்சர்."

வகுப்பிலேயே நன்றாகப் போடுகிறவர் இப்போது அவர்தான். வேறு வாத்தியாராக இருந்தால் புத்திமதி சொல்லத் தொடங்கியிருப்பார். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க. இல்லாட்டி வேண்டாம்."

வெள்ளத்துரை உட்கார்ந்தார். எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். பிறகு யார் இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது போல.

"எங்க உலகு இருக்கால்லா, என் மக. எட்டாப்பு படிக்கா," என்றார். "நான் ராத்திரி சாப்பிட்டுட்டுப் புஸ்தகத்த எடுத்து உக்காந்தேன்னா, அவ அவ புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருதா. ஒருநா ரெண்டுநா இல்ல டீச்சர், தெனமும். அந்த வெக்கையில உக்காந்து படிக்கா. எங்கூட ஒரு அறையில இருக்க அவளுக்கு மனசில்ல."

"ம்."

"அவளுக்கு என்னப் பிடிக்கல டீச்சர். அவளச் சொல்லவும் முடியாது. நான் இல்லாமலே வளந்த புள்ள. லீவுல வார ஆளுன்னா ஒரு மாசத்துல போயிருவான்னு தெரியும். இப்ப ஒரேயடியா வந்து உக்காந்திருக்கேன். இடைஞ்சலா இருப்பானேன்? நான் போயிருதேன்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உள்ளே போய்விட்டது. அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல், எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது என்பதை மறைப்பானேன்.

டீச்சர் எழுந்து பலகையைச் சுத்தமாகத் துடைத்தார். வெள்ளத்துரை சொன்னதை மூன்று வரியாக எழுதினார்.

'நான் வந்து உட்கார்ந்தால் மகள் எழுந்து போகிறாள்.
எனவே அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.
எனவே நான் போக வேண்டும்.'

சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"கொட்டகை உங்களது. கம்பப் பாருங்க அண்ணாச்சி."

வெள்ளத்துரை எழுந்து நின்றார். பழக்கம் விடுமா? மூன்று வரியையும் வாய்க்குள் வாசித்தார். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் சுண்ணக்கட்டியை வைத்தார்.

"இங்க ஒண்ணு நிக்கி டீச்சர். ஒருத்தரு எழுந்து போனா, பிடிக்காமத்தான் போவாங்கன்னு."

"உலகு சொன்னாளா?"

"இல்ல. நானா நட்டது."

"உருவிப் பாருங்க."

"பிடிச்சிருந்தும் எழுந்து போகலாம்னு வச்சுக்கிடணுமா?"

"வச்சுக்கிடுங்க."

"அப்படின்னா எதுக்கு டீச்சர் போறா?"

"தெரியாது."

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கே தெரியாதா?"

"நான் உங்க வீட்டுல இல்லையே அண்ணாச்சி. கம்பு எங்க நிக்கின்னு மட்டுந்தான் இந்தப் பாடத்துல பாக்கலாம். அது உள்ள புழுத்திருக்கா உறுதியா இருக்கான்னு பலகையில தெரியாது," என்றார் டீச்சர். "பரீட்சையில கேள்விகிட்டத் திருப்பிக் கேக்க வழியில்ல. உங்க வீட்டுல இருக்கு."

வெள்ளத்துரை சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். படியிறங்கிப் போனார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

டீச்சர் அந்த மூன்று வரியையும் அழிக்கவில்லை. பலகையில் மிச்சமிருந்த இடத்தில் வேறு கேள்விகளை எழுதி நடத்தினார். அன்றைக்கு என்ன நடத்தினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் காது படிக்கட்டில் இருந்தது.

உச்சி வெயிலில் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளத்துரை மேலே வந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"கேட்டுட்டேன் டீச்சர்."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"அவ அம்மா தோசை சுட்டுக்கிட்டிருந்தா, இவ பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா. 'ஏளா, நான் புஸ்தகத்த எடுத்தா நீ எதுக்கு எழுந்து போறே'ன்னு கேட்டேன். கேக்கதுக்கு அவ்வளவு பயமா இருந்துச்சு டீச்சர். எல்லையில நிக்கும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்ல."

"என்ன சொன்னா?"

"'நீங்க வாய்விட்டுப் படிக்கீங்கப்பா. என் பாடம் மண்டையில ஏறமாட்டேங்கு'ன்னா."

கொட்டகையில் யாரோ முதலில் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் அடக்க முடியவில்லை. வெள்ளத்துரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடியும் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"'இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா'ன்னேன். 'எப்படிப்பா சொல்ல? நீங்க நல்லாப் படிச்சு பாஸானாத்தான இங்கனயே இருப்பீங்க'ன்னா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டீச்சர்கூட முகத்தைத் திருப்பி டிரம் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஓசூர்க்காரருக்குப் போன் போட்டு வரலேன்னு சொல்லிட்டேன். இனிமே நான் புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிருவேன். அவ அறையிலயே இருந்துக்கிடட்டும்."

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். டீச்சர் துடைப்பானை எடுத்து முதல் வரியை அழித்தார். இரண்டாம் வரியையும் அழித்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்," என்றார் வெள்ளத்துரை.

டீச்சர் கையை நிறுத்தித் திரும்பினார்.

"எனக்கு ஒரு சந்தேகம். அவ இப்படிச் சொல்லிட்டா, சரி. வேற மாதிரி சொல்லியிருந்தா? 'ஆமா, எனக்கு உங்களப் பிடிக்கல'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா? என்ன சொல்லுவான்னு தெரியாமத்தான நீங்களும் என்ன அனுப்புனீங்க. அப்படிச் சொல்லியிருந்தா நான் ஓசூருக்குத்தான போயிருக்கணும்?"

அந்த மூன்றில் ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது. எனவே நான் போக வேண்டும்.

டீச்சர் அந்த வரிக்கு மேலே, அழித்து வெறுமையான இடத்தில், சுண்ணக்கட்டியால் மெல்லத் தட்டினார்.

"பிடிக்கலன்னு புள்ள சொன்னா அப்பன் வீட்டை விட்டுப் போயிரணும்னு எங்க எழுதியிருக்கு அண்ணாச்சி?"

வெள்ளத்துரை பதில் சொல்ல எழுந்து நின்றார். பிறகு பலகைக்குப் போய், மிச்சமிருந்த வரியைத் தன் கையாலேயே அழித்தார்.